நான்காவது சட்டி தினோலா

புதன்கிழமை மத்தியானம் மூன்றாவது சட்டியும் தோற்றது. பர்வின் கரண்டியை ஸிங்கில் எறிந்த வேகத்தில் அது துள்ளி வெளியே வந்து விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் எறிந்தாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. சொந்த ஊர் நாகூர். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்கிற ஊரில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறாள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை மராமத்துக்காக மூடித் திறப்பார்களே, அதற்கு நாளும் மணியும் குறித்துத் திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் உத்தியோகம். எந்த வால்வை என்றைக்குக் கழற்ற வேண்டும், எந்தக் கிரேன் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முந்நூறு பேரை வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே ஆட்டி வைப்பவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கோழி சூப் வைக்க வரவில்லை என்றால் கோபம் வருமா வராதா?

சூப் அவளுக்காக அல்ல. தம்பி நிஹாலின் மனைவி மாரிசெல்லுக்காக. மாரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. மெடிக்கல் சென்டரில் நர்ஸ். நிக்காஹ் அன்று மர்யம் என்று பெயர் வைத்தார்கள், ஆனால் நாகூரிலிருக்கும் உம்மா ஒருத்தரைத் தவிர யாரும் அப்படி அழைப்பதில்லை. பத்தொன்பது நாளுக்கு முன்னால் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. நிஹாலுக்கோ கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை, இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் கரை. பிள்ளை பிறந்து பத்தாம் நாள் போய்விட்டான். மாரிசெல்லின் அம்மாவுக்கு இரண்டாவது தடவையும் விசா இல்லை என்றுவிட்டார்கள். உம்மாவுக்கு முழங்கால் வலி, விமானம் ஏற முடியாது. ஆக, நாற்பது நாளும் என் வீட்டில்தான் என்று சொல்லி பர்வின் தாயையும் பிள்ளையையும் கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

வந்தவள் சாப்பிட வேண்டுமே, அதுதான் இல்லை. முதல் வாரம் பர்வின் சுறாப்புட்டு வைத்தாள், பூண்டு போட்டு ஆணம் என்கிற குழம்பு வைத்தாள், மிளகு தட்டிப் போட்டுக் கோழி வறுத்தாள். நாற்பது நாளுக்கும் என்ன சமைப்பது என்று கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, கலர் கொடுத்து, தன் வேலைத் திட்டம் மாதிரியே தயாரித்து வைத்திருந்தாள். மாரிசெல் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. மூன்று ஸ்பூன் சாப்பிடுவாள், சிரிப்பாள், "போதும், ஆத்தே" என்பாள். அவ்வளவுதான்.

இந்த 'ஆத்தே'வே முதலில் பெரிய குழப்பம். கல்யாணமான புதிதில் பர்வினைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண் ஆத்தே, ஆத்தே என்றாள். என்னைப் பார்த்து இவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று பர்வின் ஒரு மாசம் மனத்துக்குள் பொருமினாள். அப்புறம்தான் நிஹால் சொன்னான், நாம் அக்காவை லாத்தா என்கிற மாதிரி அவர்கள் பாஷையில் ஆத்தே என்பார்களாம். 'போதும்' என்பது நிஹால் சொல்லிக் கொடுத்த தமிழ். இருபது, முப்பது வார்த்தை கற்றுக் கொடுத்திருப்பதாக அவன் பீற்றிக்கொள்வான். பர்வின் காதில் விழுந்ததென்னவோ இந்த ஒன்றுதான்.

கடைசியில் கடலுக்கு போன் போட்டு அவனையே கேட்டாள். உன் பொண்டாட்டி ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு என்னதான் கொடுப்பார்கள் என்று. அவன் பின்னால் மெஷின் இரைச்சல்.

"தினோலான்னு ஒண்ணு லாத்தா. சிக்கன், இஞ்சி, பப்பாளிக்காய் எல்லாம் போட்டு சூப் மாதிரி. பால் நல்லா சுரக்கும்னு குடுப்பாங்க. ரொம்ப சிம்பிள்."

சிம்பிளாம். சமைக்காதவனுக்கு எல்லாமே சிம்பிள்தான்.

பர்வின் வீடியோ பார்த்தாள். அமெரிக்கச் சமையலறை ஒன்றில் ஒரு பெண் இஞ்சி, வெங்காயம் வதக்கி, எலும்போடு கோழியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, பப்பாளிக்காய் வெந்ததும் ஏதோ ஒரு பச்சை இலையைத் தூவி இறக்கினாள். பத்து நிமிஷ வீடியோவில் எட்டு நிமிஷம் தன் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசினாள். சரி, இதிலென்ன இருக்கிறது என்று பர்வின் நினைத்தாள். அப்புறம் உம்மா வீடியோ காலில் வந்தார். பப்பாளிக்காய் என்ற பேச்சை எடுத்ததுமே நாகூரிலிருந்து கேட்டி வரைக்கும் ஒரு கூச்சல். கர்ப்பமாக இருக்கும்போதுதானே ஆகாது, இப்போது பெற்றாயிற்றே என்று பர்வின் வாதாடினாள். உம்மா கேட்கவில்லை. பப்பாளிக்காய் ஆகாது, கீரை, இலை, தழை எதுவும் நாற்பது நாளைக்கு ஆகாது, பிள்ளைக்கு மாந்தம் வரும் என்று முடித்துவிட்டார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை வைத்த முதல் சட்டியில் பப்பாளிக்காய்க்குப் பதில் சௌசௌ விழுந்தது. இலை விழவில்லை. வாசனைக்குத் தூவுகிற ஏதோ தழைதானே, இல்லாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டாள். கோழி கொதி வந்ததும் அவள் கை தன்பாட்டுக்கு அஞ்சறைப்பெட்டிக்குப் போய் மஞ்சளை எடுத்துப் போட்டது. மஞ்சள் போடாத கறியைக் கழுவாத கறி என்றே நினைத்து வளர்ந்த கை அது. மஞ்சள் போட்டால் மல்லித்தூள் கொஞ்சம் போடத் தோன்றுமா? தோன்றியது. இறக்கும்போது பார்த்தால் அசல் கோழி ஆணம். மாரிசெல் மூன்று ஸ்பூன் குடித்தாள்.

"நல்லா இருக்கு, ஆத்தே" என்றாள் இங்கிலீஷில். அவர்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். கொஞ்சம் தயங்கி, கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து, "மலுங்கய் இல்லையா?" என்று கேட்டாள்.

பர்வினுக்கு உச்சி குளிர்ந்தது. பாரேன், பெண் தமிழில் கேட்கிறாள். மொளகாய் என்று சொல்ல வரவில்லை, மலுங்கய் என்கிறது. வராவிட்டால் போகிறது, நம் பிள்ளை ஆதிஃபே மொலகா என்றுதான் சொல்கிறான், இங்கே பிறந்த நாக்குக்கு அவ்வளவுதான் வளையும். பாவம், உறைப்பு இல்லாமல்தான் இத்தனை நாளாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள் போலிருக்கிறது. வாயைத் திறந்து கேட்கவே இத்தனை நாளா? அடுத்த தடவை போடுகிறேன் என்று பர்வின் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். மாரிசெல் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பர்வின் ஏமாந்தாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது சட்டி. மஞ்சளைக் கட்டுப்படுத்திக்கொண்டு அரை சிட்டிகையோடு நிறுத்தினாள். பச்சை மிளகாய் நான்கு கீறிப் போட்டாள். மாரிசெல் ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. கிண்ணத்தைக் கிளறிப் பார்த்தாள், அடியிலிருந்து மேல் வரைக்கும் எதையோ தேடினாள். "மலுங்கய்?" என்றாள் மறுபடியும், இந்தத் தடவை குரலே எழும்பவில்லை. பர்வினுக்குச் சுருக்கென்றது. நான்கு போட்டும் போதவில்லையா? இவள் வயிறா, கொல்லன் உலையா? உம்மாவிடம் சொன்னபோது அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பச்சைப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு மிளகாயா, உனக்குப் புத்தி இருக்கா புள்ள என்று பிடிபிடியென்று பிடித்தார். ஒருத்தி வேண்டும் என்கிறாள், ஒருத்தர் கூடாது என்கிறார், நடுவில் நான் என்ன செய்வேன் என்று பர்வின் போனை வைத்துவிட்டாள். கணவர் தஸ்தகீர் மீதிச் சூப்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்றார். அவரைப் பார்த்த பார்வையில் அவர் தட்டோடு எழுந்து டிவி பக்கம் போய்விட்டார்.

புதன்கிழமைதான் மூன்றாவது சட்டி. ஆறு மிளகாய். மாரிசெல் ஒரே ஒரு ஸ்பூன் குடித்தாள். இருமினாள். இருமியபோது தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "போதும்" என்றாள். ஆத்தேகூடச் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கரண்டி ஸிங்குக்குப் பறந்தது அப்போதுதான்.

அதோடு விட்டதா? ஒரு மணி நேரம் கழித்து, மடித்த குழந்தைத் துணிகளைக் கொடுக்கப் போன பர்வின் அறைக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே மாரிசெல் போனில் தன் பாஷையில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு புரியவில்லை, அழுகை புரிந்தது. நடுநடுவே இங்கிலீஷ் வார்த்தைகள் விழுந்தன. சாட்டர்டே. வேன். சான் அன்டோனியோ. அங்கேதான் அவள் சித்தி மகள் இருக்கிறாள்.

சாயங்காலம் மாரிசெல்லே வந்து சொன்னாள். சித்தி மகள் சனிக்கிழமை வருகிறாள், நானும் குழந்தையும் அவளோடு போய் நிஹால் வரும்வரை இருக்கிறோம், உங்களுக்கு ஆபீஸ் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது, ரொம்பச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று. அத்தனை மரியாதையாகச் சொன்னாள். மரியாதை இல்லாமல் சண்டை போட்டிருந்தால்கூடப் பர்வின் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? சரி, உன் இஷ்டம் என்றாள். சொல்லிவிட்டு டிஷ்வாஷர் கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது.

பர்வின் உடைந்த சில்லுகளைப் பொறுக்கினாள். தம்பி என்ன நினைப்பான், உம்மா என்ன சொல்வார் என்பதெல்லாம் அப்புறம். அவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆதிஃப் பிறந்தபோது அவர்கள் நியூ ஜெர்ஸியில், பார்சிப்பனியில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தார்கள். ஜனவரி மாதம். இடுப்புயரம் பனி. அப்போது வாப்பாவுக்கு ஆபரேஷன், உம்மாவால் வர முடியவில்லை. தஸ்தகீருக்குப் புது வேலை, நான்காம் நாளே ஆபீஸ் போய்விட்டார். பர்வின் கேனில் அடைத்த சூப்பைச் சூடுகூடப் பண்ணாமல், ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் ஸ்பூனுமாக நின்றுகொண்டே குடித்தாள். அப்படி எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும். தன் வீட்டில் இன்னொரு பெண் அப்படிப் பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் இத்தனை ஆட்டமும் ஆடினாள். ஆடியும் என்ன? அவள் சமையலறையில் கோழியும் இஞ்சியும் மலையாகக் குவிந்திருக்க, அந்தப் பெண் பட்டினியாகத்தான் கிடந்தாள்.

வியாழக்கிழமை காலை. பர்வின் மாடியில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாரையோ கிரேனுக்காகக் கடிந்துகொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தாள், இரண்டு வீடு தள்ளியிருக்கும் அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி. கையில் கறுப்புக் குப்பைப் பை, அதிலிருந்து கிளைகள் துருத்திக்கொண்டு நின்றன. ஆன்ட்டி கொல்லையில் ஒரு முருங்கை மரம். குளிர் வந்தால் கருகிவிடும் என்று நவம்பரில் வெட்டி வெட்டி ஊருக்கெல்லாம் விநியோகம் செய்வார். போன வாரமும் ஒரு பை வந்தது. அந்த இலையை யார் உட்கார்ந்து உருவுவது, அதுவும் உம்மா கீரையே கூடாது என்ற பிறகு? பை நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. இதுவும் போகட்டும், வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார் என்று பர்வின் கிரேனுக்குத் திரும்பினாள்.

மீட்டிங் முடிந்து கீழே வந்தபோது சாப்பாட்டு மேஜை முழுக்கப் பச்சைக் கிளை. ஆன்ட்டி மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே மாரிசெல் உட்கார்ந்து இலை உருவிக்கொண்டிருந்தாள். காம்பை நுனியில் பிடித்து ஒரே இழுப்பு, இலையெல்லாம் பாத்திரத்தில். பர்வினால்கூட அந்த வேகத்தில் உருவ முடியாது. அந்தப் பெண்ணின் மூக்கு சிவந்திருந்தது, அழுதிருக்கிறாள், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஆத்தே, மலுங்கய்!"

பர்வின் மேஜையெல்லாம் தேடினாள். மிளகாய் எங்கே? ஒன்றையும் காணோம். அவள் முழிப்பதைப் பார்த்து மாரிசெல் ஒரு கிளையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ம-லுங்-கய்."

"முருங்கையைத்தாம்மா சொல்றா" என்றார் ஆன்ட்டி. "அவங்க ஊர்ல அதுக்கு அப்படித்தான் பேராம். வாசல்ல இதைப் பாத்ததும் என்னைக் கட்டிண்டு அழுதுட்டா. போன வாரம் ஒரு பை குடுத்தேனே, நீ என்ன பண்ணினே?"

பர்வின் உருவிய இலையில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தாள். முதல் நாள் கேட்டது முருங்கைக்கீரை. நான்கு மிளகாய் போட்டபோது கேட்டதும் முருங்கைக்கீரை. வீடியோக்காரி தூவினாளே அந்த இலைதான் இந்தச் சூப்புக்கு உயிரே. அதை விட்டுவிட்டு, பிள்ளை பெற்றவளின் வாயில் மிளகாயை அல்லவா திணித்திருக்கிறாள்? அதற்கும் மேலே, ஒரு பை நிறைய வீடு தேடி வந்ததைத் தன் கையாலேயே குப்பையில் கொட்டியிருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆன்ட்டியிடம், சூப் வச்சேன் ஆன்ட்டி என்று கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

"அப்ப நான் அவ்வளவு மிளகாய் போட்டப்ப நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று மாரிசெல்லைக் கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாரிசெல் கிளையைக் கீழே வைத்தாள். "உங்க வீட்டுல குழந்தை பெத்தவங்க அப்படித்தான் சாப்பிடணும்னு நினைச்சேன், ஆத்தே. நாளுக்கு நாள் கூட்டிக்கிட்டே போனீங்க. கேக்கலாம்னு மேல வருவேன். நீங்க எப்பவும் மீட்டிங்ல இருப்பீங்க."

பர்வின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீடியோவைக் கேட்டாள், உம்மாவைக் கேட்டாள், நடுக்கடலில் இருந்தவனைக் கேட்டாள். படிக்கட்டுக்குக் கீழே இருந்தவளை உட்கார வைத்துக் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு இன்னொரு மீட்டிங் இருந்தது. வர முடியாது என்று போனிலேயே தட்டி அனுப்பினாள்.

நான்காவது சட்டி ஏறியது. மாரிசெல் அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். இஞ்சியை அரைக்கக் கூடாது, நீளமாக நறுக்க வேண்டுமாம். சௌசௌவைப் பார்த்து இதுவும் எங்கள் ஊரில் உண்டு, சயோத்தே என்போம், இது போதும் என்றாள். அட, அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கோழி கொதித்தது. பர்வினின் கை அஞ்சறைப்பெட்டிக்கு நகர்ந்தது. மாரிசெல் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பர்வின் கையை இழுத்துக்கொண்டாள், பெட்டியை மூடி மேல் அலமாரியில் வைத்தாள். கடைசியில் இரண்டு கை நிறைய இலை. உம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கவலையை நாளைக்குத் தள்ளிப் போட்டாள்.

கரண்டியில் கொஞ்சம் எடுத்து ருசி பார்த்தாள். உப்புப் போட்ட வெந்நீர். இஞ்சி வாசனை அடிக்கிற வெந்நீர். இதற்காகவா நான்கு நாளாக உயிரை விட்டேன் என்று எரிச்சல்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு சோறு வைத்து அதன்மேல் ஒரு கரண்டி ஊற்றினாள். போதும் என்பாள் என்று காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள். அப்போதும் வரவில்லை. மூன்றாவது கரண்டியில் கிண்ணத்தின் விளிம்பு வரை நிறைந்தது.

மாரிசெல் சாப்பிட்டாள். எலும்பைக் கையால் எடுத்து உறிஞ்சினாள். கிண்ணத்தை வாயில் வைத்துக் கவிழ்த்தாள். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஆன்ட்டி மடியிலிருந்த குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டு, சனிக்கிழமை சித்தி மகளை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அவளும் இந்தக் கீரையைப் பார்த்து நாளாயிற்றாம். கொஞ்சம் கொடுத்து அனுப்பலாமாம்.

"அனுப்பலாம்" என்றாள் பர்வின். "நீ?"

"நான் எங்க போறேன், ஆத்தே? நாற்பது நாள் ஆகலையே."

பர்வின் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"ஆத்தே" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் மாரிசெல். "ஆதிஃப் பிறந்தப்ப உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

பதினைந்து வருஷத்தில் இதை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. உம்மா கேட்டதில்லை, தஸ்தகீர் கேட்டதில்லை. பர்வின் துடைத்த துணியை மடித்து வைத்தாள். "கேன்ல வர்ற சூப்" என்றாள் கடைசியில். "நானே திறந்து குடிச்சேன். சுடக்கூட வைக்கல."

மாரிசெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். இன்னொரு கிண்ணம் எடுத்தாள், சோறு வைத்தாள். பர்வினை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு சட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றினாள், பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. பர்வின் போதும் என்று சொல்லவில்லை.